நழுவாதே, நில்!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்கிறது. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுகிறாய். வசனம் எங்கே இருக்கிறது என்று யாராவது தடுமாறினால், அதிகாரமும் எண்ணும் உன் நாவின் நுனியில் வந்து நிற்கின்றன. வாலிபர் கூட்டத்தில் ஜெபிக்க ஆள் கேட்டால் முதலில் எழுகிறாய். கிறிஸ்துமஸ் பஜனையில் விடிய விடிய ஊரைச் சுற்றி வருகிறாய். மெச்சுகிறேன் தம்பி, மனதார மெச்சுகிறேன் தங்கச்சி.

ஆனால் என் கேள்வி வேறு. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ எங்கே?

மேலதிகாரி ஒரு ஃபைலை நீட்டி, "எல்லாரும் போட்டாச்சு, நீயும் ஒரு கையெழுத்தைப் போடு" என்கிறபோது எங்கே? கேன்டீனில் ஒருவருடைய சாதியைச் சொல்லிக் கேலி செய்து மேசையே குலுங்கிச் சிரிக்கிறபோது எங்கே? எதிர்வீட்டுப் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவே அந்த வாசலைக் கண்டு வேகமாக நடக்கிறபோது எங்கே?

உடம்பு அங்கேதான் இருந்தது. நீ இல்லை. செல்போனை எடுத்துப் பார்ப்பது போல, காதில் விழாதது போல, அவசர வேலை நினைவுக்கு வந்தது போல மெல்ல விலகிவிட்டாய். நம் நாளில் யாரும் கிறிஸ்துவைக் கூவி மறுதலிப்பதில்லை. நழுவி மறுதலிக்கிறோம்.

இந்தக் கட்டுரை முழுக்க உன்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: நழுவுவதை நிறுத்து. உன்னைக் கடவுள் எந்த இடத்தில் வைத்திருக்கிறாரோ, அந்த இடத்தில் முழு ஆளாக நில். விசுவாசத்தின் வீரம் அங்கேதான் தொடங்குகிறது.

வாள் வீரன் தோற்ற இடம்

பேதுருவைப் பார். கெத்செமனே தோட்டத்தில் தீப்பந்தங்களோடும் ஆயுதங்களோடும் ஒரு கூட்டம் இயேசுவைப் பிடிக்க வருகிறது. பேதுரு பின்வாங்கவில்லை. வாளை உருவினார், பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டினார். அத்தனை பேருக்கு எதிராக ஒற்றை ஆளாகக் கை ஓங்கியவரைக் கோழை என்று யார் சொல்வார்?

அதே இரவு. சில மணி நேரம்தான் கழிந்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரி நெருப்பு எரிகிறது. குளிர். வேலையாட்களோடு பேதுருவும் நின்று குளிர் காய்கிறார். ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள்: நீயும் அவரோடு இருந்தவன்தானே? அவள் கையில் வாள் இல்லை, கயிறு இல்லை. ஆயுதக் கூட்டத்துக்கு அஞ்சாதவர் அந்த ஒரு கேள்விக்கு உடைந்துபோனார்.

ஏன்? தோட்டத்தில் அவர் காக்க நினைத்தது இயேசுவை. முற்றத்தில் அவர் காக்க நினைத்தது நெருப்பருகே தனக்குக் கிடைத்த இடத்தை. அந்தக் கதகதப்பை இழக்க மனம் வரவில்லை. எல்லாரோடும் எல்லாரையும் போல நிற்கிற சுகம் அவரை வென்றுவிட்டது.

உன்னையும் என்னையும் வீழ்த்துவது அந்த நெருப்புதான். ஆபீஸில் சேர்ந்து சாப்பிடுகிற நாலு பேர், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு, விடுதி அறைத் தோழர்கள், சம்பந்தி வீட்டார். அவர்கள் யாரும் உன்னைக் கொல்லப் போவதில்லை. முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் நாம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறோம்.

கிறிஸ்துவுக்காக உயிரையே கொடுப்பேன் என்று பாட உனக்கு வாய் வருகிறது. அவருக்காக மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு நிமிஷம் தனி ஆளாக இருக்க முடியுமா? அதைச் சொல் முதலில்!

கையைப் பிடித்தவருக்குத்தான் தெரிந்தது

"சரி, நிற்கிறேன். நின்று என்ன செய்ய?" என்று கேட்கிறாய். ஒரு மருத்துவரின் கதையைச் சொல்கிறேன்.

பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில், ஊழியம் செய்ய வந்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில், தொழுநோய் மருத்துவத்தில் பேர்பெற்ற ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்க அழைத்துப் போனார். தொழுநோயாளியைத் தொட மருத்துவர்களே தயங்கிய காலம் அது. மடங்கிச் சுருண்ட விரல்களோடு நோயாளிகள் இருந்தார்கள். அந்தக் கைகள் செத்த கைகள் என்பதுதான் ஊர் முடிவு. மருத்துவ உலகமும் பெரிதாக மாற்றிச் சொல்லவில்லை.

பிராண்ட் ஒரு நோயாளியின் அருகே போனார். அந்த மடங்கிய விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்தார். முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். பிடி இறுகியது. பிராண்டின் கை வலித்தது!

செத்த கையா இது? இல்லை. இதற்குள் உயிருள்ள, பலமுள்ள தசைகள் இருக்கின்றன. சில தசைகள்தாம் செயலிழந்திருக்கின்றன. பலமுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினால் கை மீண்டும் திறக்கும், மூடும், உழைக்கும். அந்த ஒரு பிடியிலிருந்து கிளம்பிய எண்ணம் வேலூரிலும், பிறகு அதன் அருகே கரிகிரியிலும் ஆண்டுக்கணக்கான அறுவை சிகிச்சைகளாக வளர்ந்தது. பிச்சைக்கு நீண்ட கைகள் தச்சு வேலைக்குத் திரும்பின. தொழுநோயில் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல; வலி உணர்வு போய்விடுவதால் காயம் படுவது தெரியாமல், அது ஆறாமல் சிதைவதே என்பதையும் அவரும் அவர் கூட்டாளிகளும் உலகத்துக்கு எடுத்துக்காட்டினார்கள்.

அந்த இல்லத்துக்கு அவருக்கு முன்னும் எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். கண்ணீர் விட்டிருப்பார்கள், காணிக்கை கொடுத்திருப்பார்கள். தூரத்தில் நின்று இரங்கிய ஒருவருக்கும் அந்தப் பிடியின் பலம் தெரியவில்லை. கையைப் பிடித்தவருக்குத்தான் தெரிந்தது.

நீ கூட இருப்பதன் வல்லமை இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாருடைய துக்கமும் ஒன்று போலவே இருக்கும். கிட்டப் போனால்தான் அந்த வீட்டில் எது இன்னும் உயிரோடிருக்கிறது, எதற்குக் கை கொடுத்தால் எழும்பும் என்று தெரியும்.

நாமோ வசனப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, இரண்டு கைகளைக் கூப்பிய பொம்மையையும் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். எழுந்து போ தம்பி! ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தாய் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஸ்கேன் எடுக்கிற இடம் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறாள். காலையிலிருந்து ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. உன் வசனப் படத்தைத் திறந்து பார்க்க அவள் போனில் சார்ஜ் இல்லை.

போனால் என்ன பேசுவது என்று திகைக்காதே. யோபுவின் நண்பர்கள் முதலில் செய்ததைச் செய். ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நீயும் உட்கார். போனைப் பைக்குள் வை. பிரசங்கம் செய்யாதே. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வா. அடக்க ஆராதனைக்கு எல்லாரும் வருவார்கள். நாற்பது நாள் கழித்து, யாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை, நீ போ. அப்போது அந்த வீட்டார் உன் முகத்தில் யாரைப் பார்க்கிறார்கள் என்பது உனக்கே தெரியும்.

உன் மேசைதான் உன் ஊழியம்

"முழு நேர ஊழியம்" என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கெல்லாம் பகுதி நேரம் போதும் என்று நாமே விடுமுறை எடுத்துக்கொண்டோம். யார் கொடுத்த விடுமுறை அது?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பார். 1826-இல் பிறந்தவர். கத்தோலிக்க விசுவாசி. அவர் பிரசங்க மேடை ஏறியவர் அல்ல. வெள்ளையர் ஆட்சியில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, உத்தியோகம் பார்த்தவர். கைக்கூலி புழங்கிய கச்சேரிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டே கைக்கூலியைக் கண்டித்து எழுதினார். நம் மக்களின் தலைவிதியை எழுதிய தீர்ப்புகள் அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தார். பெண் கல்வியைப் பேசவே பலர் கூசிய காலத்தில் அதற்காகப் பாட்டெழுதினார். 1876 முதல் 1878 வரை தமிழகத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் தன் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மேல் கீர்த்தனை பாடியவர் சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார். 1879-இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதற்காக மட்டும் அவரை நாம் நினைக்கிறோம். உத்தியோக மேசையைக் கடவுளுக்கு முன் வைத்த மனிதர் என்பதற்காகவும் நினைக்க வேண்டும்.

பார்த்தாயா? வேற்றுச் சமயத்தார் வாயிலிருந்து புகழ் வந்தது. அவர் யாரோடும் விவாதம் செய்து வெல்லவில்லை. பசித்தவன் முன் வந்து நின்றார், அவ்வளவுதான்.

இப்போது உன் மேசைக்கு வா. நீ பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கலாம். உன் கையெழுத்துக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். நீ ஆசிரியராக இருக்கலாம். கடைசி பெஞ்சில் ஒரு பையனை "இவன் தேற மாட்டான்" என்று பள்ளியே கைவிட்டிருக்கும். நீ நர்ஸாக இருக்கலாம். இரவு மூன்று மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், பேச முடியாத ஒரு நோயாளிக்குப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். நீ கடை வைத்திருக்கலாம். தராசின் முள் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கையெழுத்து, அந்தக் கடைசி பெஞ்சு, அந்த இரவு மூன்று மணி, அந்தத் தராசு முள். உன் சாட்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தானியேலின் எதிரிகள் அவரைக் குற்றம் சாட்ட முதலில் எங்கே தேடினார்கள் தெரியுமா? அவருடைய அரசாங்க வேலையில். ஒரு பிழையும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய ஜெபத்தைக் குற்றமாக்கப் பார்த்தார்கள். நம்மில் பலருடைய நிலை என்ன? ஜெபத்தில் குறை சொல்ல முடியாது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பத்து குறை சொல்லலாம். மாற்று இதை! உன் வேலையில் நீ கெட்டிக்காரனாக இரு, நேரத்துக்கு வா, கொடுத்த வாக்கைக் காப்பாற்று. அரைகுறை வேலை செய்கிறவனின் பக்தியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

"முடியாது" என்று சொல்ல வேண்டிய நாள் வரும். அன்றைக்குக் கத்தாதே. உன்னோடு வேலை பார்க்கிறவர்களைப் பாவி என்று திட்டாதே. "இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது சார், காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்று நிதானமாகச் சொல். நேர்மைக்கு விலையே கிடையாது என்று உன்னிடம் எவராவது சொன்னால் நம்பாதே. விலை உண்டு. ஊர் மாற்றுவார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும், விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்த விலையை வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடிவு செய்து வையுங்கள். முன்பே முடிவு செய்தவனுக்குக் கை நடுங்காது.

பந்தியில் தெரியும் உன் விசுவாசம்

பேதுரு இன்னொரு முறையும் நழுவினார். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அந்தப் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். ஏன் அத்தனை கோபம்? யாரோடு சாப்பிடுகிறாய் என்பதிலேயே நற்செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று பவுலுக்குத் தெரியும்.

அந்தக் கோபம் இன்றைக்கு நம் சபைகளுக்கு வேண்டும். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து வாங்குகிறோம். கல்யாண விளம்பரத்தில் சாதியைப் போடுகிறோம். 'கிறிஸ்தவர்' என்று எழுதி, பக்கத்திலேயே இன்ன சாதி மணமகன் தேவை என்று அச்சடிக்கிறோம். சபைத் தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே சாதியை எண்ணுகிறோம். செத்தவனுக்குக் கூடத் தனிக் குழி ஒதுக்கிய கல்லறைத் தோட்டங்கள் நம் மண்ணில் இருந்தன. இதற்கெல்லாம் மௌனமாக இருந்துவிட்டு எதில் தைரியம் காட்டப் போகிறாய்?

1712-இல் நட்டாலத்தில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட குடும்பத்தில் பிறந்தார் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகத்தில் இருந்தார். குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதோடு நின்றிருந்தால் அவரும் நம்மைப் போல் நிம்மதியாக இருந்திருப்பார். அவரோ சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரோடும் உட்கார்ந்தார். 1749-இல் சிறை. எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர் அவர். குருவானவர் இல்லை, துறவி இல்லை; மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர், அரசாங்க வேலைக்காரர். உன்னையும் என்னையும் போல ஓர் ஆள்! புனிதராக அறிவித்தபோது அவர் பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. அவர் பெயரிலிருந்தே அது போய்விட்டது. உன் பெண்ணுக்கு வரன் பார்க்கும் பேச்சிலிருந்து எப்போது போகப்போகிறது?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "பயமாக இருக்கிறது அண்ணே."

1956 ஜனவரி. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்துகளில் கறுப்பின மக்களை அவமதித்ததற்கு எதிராக நடந்த புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கியவர் 27 வயது போதகர் மார்ட்டின் லூதர் கிங். ஓர் இரவு நேரங்கழித்துத் தொலைபேசி ஒலித்தது. கொலை மிரட்டல். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய்க் காபி போட்டார். கோழை என்ற பெயர் வராமல் இதிலிருந்து எப்படி விலகுவது என்றுதான் அப்போது யோசித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். கேட்டாயா? கிங்கும் நழுவ வழி தேடினார்!

காபி ஆறிக் கிடக்க, மேசையில் தலை கவிழ்ந்து, நான் பலவீனமாக இருக்கிறேன், என் தைரியம் போய்க்கொண்டிருக்கிறது என்று வாய்விட்டு ஜெபித்தார். அங்கே அவருக்குப் பலம் வந்தது. சில நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். ஆத்திரத்தோடு ஆயுதங்களோடு திரண்ட தன் மக்களை, அதே வாசலில் நின்று, பழிவாங்காமல் வீடு திரும்பச் செய்தார்.

பயம் வந்தவர்தான் நின்றார். எனவே பயம் போகட்டும் என்று காத்திருக்காதே. பயத்தையும் கூட்டிக்கொண்டு போ. உன் சமையலறையில், உன் பைக் நிறுத்துமிடத்தில், ஆபீஸ் மாடிப்படியில் உண்மையைச் சொல்லி ஜெபி: "ஆண்டவரே, எனக்குக் கால் நடுங்குகிறது. கூட வாரும்." அலங்கார ஜெபத்தைவிட இந்த ஜெபம் சீக்கிரம் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கோயிலைப் பழிப்பதும் அடுத்தவர் சாமியை இகழ்வதும் தைரியம் என்று யாராவது உனக்குக் கற்றுக்கொடுத்தால், அது பேதுரு தோட்டத்தில் ஓங்கிய வாள். அதை உறையிலே போடச் சொன்னவர் இயேசுவேதான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குப் பணி செய்துவந்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் பத்து வயதும் ஆறு வயதுமான அவருடைய மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். மகளோடு பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்குத் தொடர்ந்து பணி செய்தார். 2005-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. வெறுப்புக்கு நம்மிடம் இருக்கிற பதில் அதுதான். வேறு பதில் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

விழுந்தாயா? எழு!

"நான் ஏற்கெனவே எத்தனையோ தடவை நழுவிவிட்டேனே" என்கிறாயா? பேதுருவின் கதை முற்றத்தில் முடிந்துவிடவில்லையே. உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் காத்திருந்தார். அங்கேயும் கரி நெருப்பு எரிந்தது. மீனும் அப்பமும் வைத்திருந்தார். பேதுருவை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் கேள்வி கேட்டார்; மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் கொடுத்தது திட்டு அல்ல, வேலை. என் ஆடுகளைக் கவனித்துக்கொள் என்றார். ஒரு பெண்ணின் கேள்விக்கு உடைந்தவர், சில வாரங்களில், அதே எருசலேமில், பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் முன் எழுந்து பேசினார். உன் கடந்த வாரத்தை வைத்துக் கடவுள் உன் அடுத்த வாரத்தை எழுதுவதில்லை. குற்ற உணர்ச்சியில் படுத்துக் கிடப்பதும் ஒரு வகை நழுவல்தான். எழு, வேலை காத்திருக்கிறது!

"எனக்கு உடம்பில் பலம் இல்லை" என்கிறாயா? வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, நடக்க முடியாதவர்களுக்காக வேலூரில் ஒரு மறுவாழ்வு நிலையத்தையே உருவாக்கினார். "வயசாகிவிட்டது" என்கிறாயா? பால் பிராண்டின் தாய் ஈவ்லின், கணவரைக் கொல்லிமலையில் அடக்கம் செய்தவர். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கே திரும்பினார். குதிரையேறியும் தடி ஊன்றியும் மலைக்கிராமங்களைச் சுற்றினார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-இல், 95 வயதில்தான் அந்தக் கால்கள் ஓய்ந்தன. இப்போது சொல், உன் சாக்கு என்ன?

நாளைக் காலை

உணர்ச்சிவசப்பட்டு இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போனால் எனக்குத் திருப்தி இல்லை. நாளை விடிந்ததும் இதைச் செய்.

காலை ஜெபத்தில் "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லி முடிக்காதே. அன்றைக்கு நீ சந்திக்கப்போகிற மனிதரில் மூன்று பேருடைய பெயரைச் சொல். உன்னை எரிச்சலூட்டுகிற மேலதிகாரியின் பெயர் அதில் கட்டாயம் இருக்கட்டும். பெயர் சொல்லி ஜெபித்த மனிதரிடமிருந்து முகத்தைத் திருப்புவது கஷ்டம்.

நீண்ட நாளாக நழுவி வருகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. ஒன்றே ஒன்று போதும். பேசாமல் விட்ட தம்பியின் வீடு, நீ ஒத்துக்கொண்டு வந்த பொய்க்கணக்கு, பார்க்கப் போகாத நோயாளியின் படுக்கை. இந்த வாரத்துக்குள் அங்கே போய் நில்.

கேலி நடக்கிற மேசையில் சண்டை போடாதே. கேலி செய்யப்பட்டவரின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார். அது போதும். உப்பு ஜாடிக்குள்ளேயே இருந்தால் குழம்புக்கு என்ன பிரயோஜனம்? கலந்தால்தான் சுவை.

யாராவது, "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்கிற நாள் வரும். நிச்சயம் வரும். அன்றைக்கு மட்டும் கூச்சப்படாதே. சாந்தமாக, மரியாதையாக, தலைநிமிர்ந்து சொல்: "நான் இயேசுவைப் பின்பற்றுகிறவன். அதனால்தான் இப்படி." உன் வாழ்க்கை ஏற்கெனவே பேசியிருந்தால் இந்த ஒரு வரிக்குமேல் பிரசங்கம் தேவைப்படாது.

தம்பி, தங்கச்சி! அந்த ஆபீஸில் உன்னைத் தவிர வேறு கிறிஸ்தவர் இல்லாமல் இருக்கலாம். அந்தத் தெருவில், அந்த வார்டில், அந்த வகுப்பறையில் நீ ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே ஆள் என்று குறுகாதே. ஆள் வேண்டும் என்றுதான் உன்னை அங்கே வைத்திருக்கிறார். ஊழியத்துக்குப் போக எங்கேயோ கதவு திறக்கும் என்று காத்திருந்தது போதும். நீ தினமும் திறக்கிற ஆபீஸ் கதவுதான் அது. தலையை நிமிர்த்து. கதவைத் திற. உள்ளே போய், நீ யாருடைய பிள்ளையோ அந்தப் பிள்ளையாகவே நாள் முழுதும் நில்!